விண்ணப்பதாரர் பேசவில்லை

“உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசுங்க” என்றார் அதிகாரி.

பூவிழி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

இருளர் என்று பழங்குடிச் சான்றிதழ் கேட்டு, அம்மா மாதம்மாளையும் கூட்டிக்கொண்டு இண்டூரிலிருந்து தர்மபுரிக்கு வந்திருந்தாள். மாதக் கடைசிக்குள் அதைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் மூன்று வருட ஆராய்ச்சியும் அங்கேயே நின்றுவிடும்.

அதிகாரி கெட்டவர் இல்லை. இருவரையும் உட்காரச் சொன்னார். மாதம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். போன வருடம் யாரோ பொய்ச் சான்றிதழ் வாங்கிப்போனதில் தனக்கு வந்த தொல்லையைச் சொல்லி, கொஞ்சம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார்.

முதலில் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தார். அதற்கு மட்டும் பூவிழி தடங்கலில்லாமல் பதில் சொன்னாள்.

அமெரிக்கப் பழங்குடி எழுத்தாளர்களின் நாவல்கள். விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் முடியை வெட்டியது. சொந்த மொழியில் பேசிய பிள்ளைகளின் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியது. மொழியெல்லாம் போன பிறகு, நீ பழங்குடிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர்களையே கேட்டது.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதன் பிறகுதான் அந்த ரெண்டு வார்த்தை.

பூவிழிக்கு அந்த மொழியில் தண்ணீருக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது.

அவள் பிறப்பதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் பென்னாகரத்துக்கு அப்பால் காட்டோரம் இருந்த கொட்டாயை விட்டு, இண்டூர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு வந்துவிட்டார்கள். சூளையில் எல்லோரும் பேசியது தமிழ். வீட்டிலும் தமிழ். அம்மா தூக்கத்தில் உளறினால்கூடத் தமிழில்தான் உளறுவாள்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் பூவிழி இதைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். தங்கள் மொழியைப் பிள்ளைகளுக்குத் தராமல் நிறுத்திக்கொண்ட தாய்மார்கள். காரணம் வெட்கம் என்று எழுதினாள். என் தாயும் அவர்களில் ஒருத்தி என்று அடிக்குறிப்பும் போட்டாள். நெறியாளர் அந்த அடிக்குறிப்பைத்தான் மிகவும் பாராட்டினார்.

அதிகாரி மாதம்மாள் பக்கம் திரும்பினார்.

“நீங்களாச்சும் பேசுங்கம்மா.”

மாதம்மாள் எழுந்து நின்றாள். அவரையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. மூடியிருந்த கதவைப் பார்த்தாள்.

பிறகு பேசினாள்.

ஐந்தாறு வார்த்தைகள் இருக்கும். அம்மாவின் குரலாகவே இல்லை. மெலிந்து, இழுத்து, எங்கோ தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. திரும்பவும் அதையே சொன்னாள். மூன்றாவது முறையும் அதையே சொல்லத் தொடங்கியபோது அதிகாரி கையைத் தூக்கினார்.

“போதும்மா, போதும்.”

அவருக்கும் அது புரியவில்லை. ஆனாலும் எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பூவிழி அதைத் தலைகீழாகப் படித்தாள்.

‘தாய் பேசுகிறார். விண்ணப்பதாரர் பேசவில்லை.’

பதினெட்டு நாள் கழித்து வந்த நிராகரிப்புக் கடிதத்திலும் இந்த இரண்டு வரிகள்தான் இருந்தன.

ஆனால் சான்றிதழ் கிடைக்காது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேருந்து நிலையம் வரைக்கும் அம்மாவுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். இண்டூர் பேருந்துக்காக நின்றபோது அடக்க முடியவில்லை.

“எனக்கு ஏம்மா ஒரு வார்த்தகூடச் சொல்லித் தரல? அவ்ளோ வெக்கமா?”

மாதம்மாள் எதிரே நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வெக்கமில்ல கண்ணு. பயம்.”

பூவிழிக்கு முன்னால் பிறந்தவன் அன்பு. ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டான் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

காய்ச்சல் இல்லை, வயிற்று வலி. கொட்டாயிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பிள்ளையை உள்ளே கொண்டுபோய், அம்மாவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். எங்கே வலிக்கிறது என்று அவனைத் தமிழில் கேட்டார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது. தனக்குத் தெரிந்ததில் சொன்னான். அம்மாவைக் காணாத பயத்தில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியே நின்றவளுக்கும் அன்றைக்குத் தமிழ் சரியாக வராது.

மாதம்மாள் அழாமல்தான் இதைச் சொன்னாள்.

பூவிழிக்கு எதையாவது கேட்க வேண்டும் போல இருந்தது. அலுவலகத்தில் என்ன சொன்னாய் என்று கேட்டாள்.

“எனக்கும் எல்லாம் மறந்துபோச்சி கண்ணு, இருவத்தேழு வருசமாச்சி. கதவுக்கு அந்தாண்ட இருந்து அவன் சொல்லிக்கினே இருந்தான் பாரு, அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்குது.”