ஆழ்ந்த அனுதாபங்கள்

செத்துப்போன கிளாரன்ஸ் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சங்கத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் செத்துப்போன கோபாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

லதா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரை முடுக்கினாள். இரண்டு பேரையும் சாகடித்தவள் அவள்தான்.

ஆண்டர்சன்பேட்டையில், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களின் ஷிஃப்ட் நண்பர்கள் சங்கத்துக்கு அவள் ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வந்தவள். இலவச வகுப்பில் கொஞ்சம் கோடிங் கற்றிருந்தாள். அந்தத் தைரியத்தில் சங்கத்துக்கென்று ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். உறுப்பினர் எண்ணைத் தட்டினால், அவர் இறந்தவராக இருந்தால் மட்டும், பிள்ளைகளின் போனுக்கு அனுதாபச் செய்தி போகவேண்டும்.

போன வாரம் சோதித்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தவர்களுக்கும் போய்விட்டது. செயலாளர் ராஜேந்திரனின் எண்ணையும் தட்டிப் பார்த்ததுதான் வினை.

"எம் மருமவன் ஓசூர்லேர்ந்து பொணம் வைக்கிற ஐஸ் பெட்டியோட வந்து எறங்கிட்டான்மா. எடுத்தாந்ததைத் திருப்ப முடியாதுன்னு நடுக்கூடத்துல வச்சிட்டான். ரெண்டு நாளா அதுலதான் மோர் வச்சிக் குடிக்கிறோம்" என்றார் ராஜேந்திரன். "இன்னிக்கே சரி பண்ணிடு. இன்னொரு சாவுச் சேதி போச்சுன்னா, நாளைலேர்ந்து நீ வேலைக்கு வராத."

அதற்காகத்தான் பிரேமை வரச் சொல்லியிருந்தாள். பெங்களூரில் பெரிய கம்பெனி அவனுக்கு. ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்து அந்த இலவச வகுப்பை எடுப்பவன்.

பிரேம் போனை மேசை மேல் சார்ஜில் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"புதுசா கத்துக்கற எல்லாரும் பண்ற தப்புதான்க்கா. இங்க பாருங்க, சமக்குறி ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. ஒண்ணு போட்டா, 'இவரை இறந்தவர் ஆக்கு'ன்னு அர்த்தம். ரெண்டு போட்டாதான் 'இவர் இறந்தவரா?'ன்னு கேள்வி. நீங்க கேக்கவே இல்ல. நேரா ஆளை முடிச்சிட்டீங்க."

"ஒரு குறியிலயா சார் இத்தினி சாவு?"

"கம்ப்யூட்டருக்கு என்னக்கா தெரியும், சொன்னதைச் செய்யும். நான் திருத்த மாட்டேன், நீங்களே பக்கத்துல இன்னொண்ணு போடுங்க. அப்பதான் மறக்காது."

லதா விரலை நீட்டுவதற்குள் கிளாரன்ஸ் எழுந்து வந்தார்.

"ஒரு நிமிஷம் சார். அதைத் திருத்தாதீங்க."

"ஏங்க, நீங்க செத்துட்டதா சேதி போயிருக்கு" என்றான் பிரேம்.

"போவட்டுமே. ஆஸ்திரேலியாவுல கீற எம் பையன் எத்தினியோ வருஷம் கழிச்சு வீட்டுக்குப் போன் பண்ணான். நான்தான் எடுத்தேன். டாடி எப்படிப் போனாருன்னு எங்கிட்டயே கேட்டு அழுதான். குரல் மறந்துட்டான் போல. நிம்மதியா போனாருன்னு சொல்லி வச்சேன். மறுபடியும் பண்றேன்னு சொல்லிக்கீறான் சார்."

"எம் பொண்ணு மாலையோட வந்தா" என்றார் கோபால். "வாசல்ல நின்னு திட்டினா. அப்புறம் இருந்து சமைச்சிப் போட்டுட்டுப் போனா. மாலை நல்ல மாலை. புள்ளையாருக்குப் போட்டுட்டோம்."

வாசலில் ஏதோ சலசலப்பு. லதா எட்டிப் பார்த்தாள். அடிக்கத்தான் ஆள் திரட்டி வந்திருக்கிறார்கள் என்று பயந்தாள். அத்தனை பேரும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

முன்னால் நின்ற வெங்கடம்மாவுக்குக் கோபம். "நான் மட்டும் இன்னா பாவம் பண்ணேன்? எனக்கு மட்டும் ஏன் இன்னும் போவல? என்னையும் ஒரு தபா சாவடிச்சிடும்மா."

பிரேம் முகம் சிவந்துவிட்டது. வாசல்வரை போனான்.

"வெக்கமா இல்ல? உங்க பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா? பெத்தவங்க சாவை வச்சி யாராவது விளையாடுவாங்களா? எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஷிஃப்ட் விட்டாற்போல வரிசை சத்தமில்லாமல் கலைந்தது. கிளாரன்ஸும் கோபாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த நேரம் பார்த்து ராஜேந்திரன் வந்து பிரேமின் கையைப் பிடித்தார். பக்கத்து ஹாலில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம்.

"ஐயோ, மத்தியானம் ட்ரெயினைப் பிடிக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

லதா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒற்றைக் குறியின் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டு. வேலை நிலைக்கும்.

"அம்மாடி."

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனிலிருந்து நடந்தே வந்த ஓர் அம்மாள், கதவை ஒட்டி நின்றாள். எல்லம்மா என்று பேர் சொன்னாள்.

"அந்தத் தம்பி இருந்துச்சே, அதான் செவுத்தோரமா ஒதுங்கிக்கினேன்."

"அவர் சொன்னதைக் கேட்டீங்க இல்ல? இனிமே அனுப்பக் கூடாதும்மா."

"கேட்டேன். நல்லாப் பேசுது."

லதா அவளை உட்காரச் சொன்னாள். "எத்தினி பசங்க உங்களுக்கு?"

"ஒண்ணுதான். பெங்களூர்ல."

"வர்றதில்லையா?"

"வேலை ஜாஸ்தி." எல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செத்தாலாவது வூட்டுப் பக்கம் வருதான்னு பாக்கணும். அவ்ளோதான்."

ஹாலில் மைக் கரகரத்தது. பிறந்த மண்ணை மறக்காத பிள்ளை என்று ராஜேந்திரன் பேசிக்கொண்டிருந்தார். கைதட்டினார்கள்.

லதா நாளைய தினத்தை நினைத்துப் பார்த்தாள். பிறகு விரலைக் குறியிலிருந்து நகர்த்தினாள்.

"உங்க உறுப்பினர் எண்ணைச் சொல்லுங்கம்மா."

எல்லம்மா சொன்னாள். லதா தட்டினாள்.

மேசை மேல் சார்ஜில் கிடந்த பிரேமின் போன் 'டிங்' என்றது.