அணைக்கக் கூடாத விளக்கு

“லைட்டை மட்டும் அணைச்சிடாதீங்க, தம்பி. அணைச்சா இவர் கத்துவாரு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டுரும்.”

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னது தொட்டிக்காரருக்கு என்னவோ போலிருந்தது. மீன் தொட்டி வைத்துக் கொடுப்பதும், அதில் செடி நட்டுப் பராமரிப்பதும் அவர் தொழில். எத்தனையோ வீடு ஏறி இறங்கியவர். இப்படி ஓர் அறையைப் பார்த்ததில்லை.

வெளியே பட்டப்பகல். உள்ளே ஜன்னல் கண்ணாடிகளில் துளி இடம் விடாமல் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. டிவியின் மேல் தடித்த போர்வை. வெளிச்சம் என்று இருந்தது, சுவரோர மேஜையில் இருந்த சின்னத் தொட்டியின் விளக்கு மட்டும்தான்.

அதற்கு நேர் எதிரே கட்டில். தலையணையில் சாய்ந்தபடி அந்த அம்மாளின் கணவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

“ஐயாவுக்கு உடம்புக்கு என்னம்மா?”

“வயசுதான். நீங்க செடியைப் பாருங்க.”

தொட்டிக்காரர் குனிந்தார். இலைகள் எல்லாம் பழுத்துத் தொங்கின. பச்சை நூல் மாதிரி பாசி ஒவ்வொன்றையும் சுற்றி இறுக்கியிருந்தது. விரலால் வழித்தால் கொத்தாகக் கையோடு வந்தது.

“மீன் ஒண்டுக் குடித்தனம் இருக்கு, பாசிதான் வீட்டுக்காரன் மாதிரி இருக்கே! லைட் எவ்வளவு நேரம் எரியுதும்மா?”

“எப்பவும்.”

“ராத்திரியிலே?”

“ராத்திரியும்தான்.”

“ஐயோ! செடிக்கு எட்டு மணி நேரம் போதும்மா. மிச்ச நேரம் இருட்டு வேணும். இப்படி விடாம எரிஞ்சா பாசிக்குத்தான் கொண்டாட்டம். ஒரு டைமர் மாட்டித் தர்றேன். தானா எரியும், தானா அணையும்.”

“வேணாம்.” அவள் முகம் இறுகியது. “அணைக்காம எப்படிக் காப்பாத்தறதுன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இந்தச் செடியெல்லாம் இவரே நட்டது. இதுவும் செத்துட்டா இவருக்கு வேற ஒண்ணுமில்ல.”

வாளியை எடுத்துக்கொண்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். தொட்டிக்காரர் கத்தரியை எடுத்து ஓர் இலையின் நுனியில் வைத்தார்.

“நுனியை வெட்டாதே. அடியோட எடு. வெட்டின இடம் அழுகும்.”

கட்டிலிலிருந்து குரல் தெளிவாக வந்தது. தொட்டிக்காரருக்கு ஆச்சரியம். “சரியாச் சொன்னீங்கய்யா. இவ்வளவு தெரிஞ்ச நீங்க லைட்டை இப்படி எரிய விடலாமா? தூங்கவாச்சும் முடியுதா?”

“எங்க தூங்கறது? கண்ணைக் குத்துது.”

“அப்ப அணைக்கச் சொல்ல வேண்டியதுதானே?”

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொட்டிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். “அணைச்சா அவன் வந்துடுவான்.”

“யாருய்யா?”

“யாரோ. இவதான் இருட்டாக்கி அவனைக் கொண்டாந்து நிறுத்துறா. கிழட்டுப் பய. ஒரு வார்த்தை பேச மாட்டான். என்னையே முறைச்சுப் பார்ப்பான். கேட்டா, யாருமே இல்லங்கறா.”

தொட்டிக்காரர் ஒட்டிய ஜன்னலையும் மூடிய டிவியையும் மறுபடி பார்த்தார். படுக்கையில் கிடக்கிற மனிதரை அடைத்துவைத்து, யாரையோ விட்டு மிரட்டுகிறாளா? சொத்துக்காகவா? வேறு எதற்காகவா?

வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடலாம்தான். ஆனால் அந்தச் சிவந்த கண்கள் அவரை விடவில்லை.

“நான் பக்கத்துலயே நிக்கறேன்யா. எவன் வர்றான்னு பார்த்துடலாம்” என்றார். கிழவர் பதில் சொல்வதற்குள் விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார்.

பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்த தொட்டியின் கண்ணாடி சட்டென்று கறுத்தது. திறந்த கதவின் வழியே கூடத்து வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது.

“வந்துட்டான்! அதோ! வந்துட்டான்!”

அந்த அலறலில் தொட்டிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவுப் பக்கம் பாய்ந்து பார்த்தார். யாரும் இல்லை. கட்டிலுக்குப் பின்னாலும் இல்லை. கிழவரோ இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு அலறிக்கொண்டே இருந்தார்.

கூடத்தில் வாளி உருண்டது. ஓடிவந்த அம்மாள் தரையில் தடவிப் பிளக்கைச் சொருகினாள். விளக்கு எரிந்ததும் கணவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“போயிட்டான். பாருங்க, போயிட்டான். நான் விரட்டிட்டேன். செடியைப் பாருங்க.”

அலறல் முனகலாகி அடங்கியது.

அவள் வாயாலேயே கேட்டாகிவிட்டது. தொட்டிக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது.

“யாரும்மா அந்த ஆளு? எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? வயசான மனுஷனை இப்படியா வதைக்கறது? மரியாதையாச் சொல்லிடுங்க, இல்ல இப்பவே போலீஸைக் கூப்பிடுவேன்!”

அவள் நிமிரவில்லை. கணவரின் கன்னத்தில் வழிந்ததை உள்ளங்கையால் துடைத்தாள். அவர் கண் மூடும்வரை முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, அவர் காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள்:

“கண்ணாடியில தெரியுறது தன் மூஞ்சிதான்னு இவருக்கு மறந்துபோச்சு, தம்பி.”