கேட்டதற்கு மட்டும் பதில்

டூருன் சைக்கிள் கடையில் ஒரு கையில் அலுமினிய ஃபிரேமையும் மறு கையில் கார்பன் ஃபிரேமையும் தூக்கிப் பிடித்து நின்றாள்.

மிஞ்சிப் போனால் அரைக் கிலோ வித்தியாசம் இருக்கும்.

அந்த அரைக் கிலோவுக்காகத்தான் இந்த ஊர் ஆண்கள் வருஷம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். அதுவும் எந்தப் பந்தயத்துக்கு? முதுகில் மூன்றரைக் கிலோ பையைச் சுமந்துகொண்டு மலையைத் தாண்ட வேண்டும், எடை குறைந்தால் ஓட்டியது கணக்கில் சேராது என்று விதி போட்டிருக்கும் பந்தயத்துக்கு. பைக்குள் கல்லைக்கூடப் போட்டுக்கொள்வார்கள். வண்டியில் ஒரு திருகாணி கனத்தால் மட்டும் தூக்கம் வராது.

டூருனின் கணவன் ஹல்வர் அந்தக் கூட்டத்தில் சேராதவன். பன்னிரண்டு வருஷமாக ஒரே அலுமினிய வண்டி. எங்கெங்கே விழுந்தான் என்று அதன் நெளிசல்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். வேறு மாற்றச் சொன்னால், மாற்றினாலும் அலுமினியம்தான் என்பான்.

இந்த மே மாதம் அவனுக்கு ஐம்பது முடிந்தது. டூருன் பிடிவாதமாகக் கார்பன் வண்டி வாங்கிக் கொடுத்தாள். இதே கடையில்தான்.

ஆகஸ்ட் கடைசியில், பந்தயத்தின் இறுதி இறக்கத்தில், அந்த வண்டியின் பார், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் குழாய், இரண்டாக முறிந்தது. ஹல்வரின் இடுப்பெலும்பும் முறிந்தது.

இப்போது நவம்பர். ஹல்வர் ஊன்றுகோலோடு சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறான். புது ஃபிரேமைக் கண்ணெதிரே சுவரில் மாட்டி வைத்தால் எழுந்து ஓட்ட வேண்டும் என்ற ஆசையாவது வரும் என்பது டூருனின் எண்ணம். அதைச் சொல்லித்தான் எஸ்கிலிடம் வந்திருந்தாள்.

எஸ்கில் இந்தக் கடையின் மெக்கானிக். பத்து வருஷமாக அந்த வீட்டு வண்டிகளுக்கெல்லாம் அவன்தான் கை வைக்கிறான்.

பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான். அவள் முகத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பந்தயத்துக்கு முந்தின வாரம் கடை வாசல் வரைக்கும் வண்டிகள் நின்றன. ஹல்வரின் வண்டிக்குக் கியரைச் சரி செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஸ்டாண்டில் மாட்டும்போது சீட்டுக் கம்பியைத்தான் பிடிக்குள் கொடுக்க வேண்டும். கார்பன் வண்டியின் பாரைப் பிடிக்குள் கொடுக்கவே கூடாது; இறுக்கினால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது.

ஹல்வரின் சீட்டு மிகவும் தாழ்வாக இருந்தது; கம்பியைப் பிடிக்க இடமில்லை. அளவைக் குறித்துக்கொண்டு, தளர்த்தி, உயர்த்தி மாட்ட இரண்டு நிமிஷம் ஆகும்.

எஸ்கில் பாரையே பிடிக்குள் கொடுத்து இறுக்கினான். அலுமினிய வண்டிகளில் நூறு முறை செய்த வேலை.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த தட்டை ரொட்டியின் ஓரம் உடைகிற சத்தம்.

கட்டை விரலால் தடவிப் பார்த்தான். பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தயார் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டு அடுத்த வண்டியை எடுத்தான்.

பிறகு யாரோ காட்டிய படத்தில் பார் முறிந்த இடத்தைப் பார்த்தான். பிடி கவ்விய அதே இடம்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொடுத்துவிட்டு, சீக்கிரம் எழுந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

டூருன் இரண்டு ஃபிரேம்களையும் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காப்பியைத் தொடவில்லை.

"எஸ்கில், உன்னை ஒண்ணு கேக்கணும். ஆறுதல் மட்டும் சொல்லிடாத. ஹல்வரும் சொல்றான், டாக்டரும் சொல்றாரு, என் தங்கச்சியும் சொல்றா, என்மேல தப்பே இல்லன்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நீ வண்டி தெரிஞ்சவன். அவன் சொன்ன மாதிரி அன்னைக்கு அலுமினியத்தையே வாங்கியிருந்தா, இப்படி ஆகியிருக்குமா?"

எஸ்கில் இத்தனை நாளும் குற்றம் தன்னிடம் மட்டுமே இருக்கிறது, அதைத் தானே சுமந்துகொண்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி இவளிடம் போய் உட்கார்ந்திருப்பது அவனுக்கு இந்த நிமிஷம்தான் தெரிந்தது.

சொல்லிவிட்டால் அவள் எழுந்து நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். நான்தான் செய்தேன் என்றால் போதும். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவள் கேட்டது அதை அல்லவே, என்றும் தோன்றியது.

அலுமினியமாக இருந்திருந்தால், அப்படி இறுக்கியதற்கு ஒரு சின்ன நெளிசல் விழுந்திருக்கும். ஹல்வர் வந்து நன்றாகத் திட்டியிருப்பான். முறிந்திருக்காது. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அதில் பொய் எள்ளளவும் இல்லை.

"ஆகியிருக்காது," என்றான்.

டூருன் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே யாரோ பனியை வாரித் தள்ளும் சத்தம் கேட்டது.

எஸ்கிலுக்குத் தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தான்.

அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலுமினிய ஃபிரேமை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"ரொம்ப நன்றி, எஸ்கில். இந்த மூணு மாசத்துல எங்கிட்ட உண்மையைச் சொன்னது நீ ஒருத்தன்தான்."