அடி மேலே போகாது

குண்டும் குழியுமான சாலையில் ஒரு பழைய வாடகைக் கார் வந்துகொண்டிருந்தது. பின்சீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் தாயின் மடியில் பச்சைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

எதிரே பெரிய பள்ளமொன்று வாயைப் பிளந்து கிடந்தது. அதைக் கண்டு நடுங்கிய சக்கரம், தனக்கு மேலே வண்டியைத் தாங்கி நின்ற ஸ்பிரிங்கிடம் சொன்னது: "அண்ணே, அது என்னை அடிக்கும். நான் உங்களை அடிப்பேன். நீங்க மேலே இருக்கிறவங்களை அடிச்சிடுங்க. காலங்காலமா நடக்கிறதுதானே?"

"நீ அடி. நான் அடிக்க மாட்டேன்" என்றது ஸ்பிரிங்.

"இடுப்பு ஒடிஞ்சிடும் அண்ணே!"

"ஒடிஞ்சா ஒடியட்டும். மேலே யாரு இருக்காங்கன்னு தெரியுமில்ல?"

சக்கரம் பள்ளத்தில் தடாலென்று விழுந்தது. ஸ்பிரிங் அவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு சுருண்டது. வலியில் அதற்கு உயிரே போய்விடும் போலிருந்தது. எகிறிக் குதிக்க உடம்பு துடித்தது. பக்கத்திலிருந்த ஷாக் அப்சார்பர் அதை இறுகப் பிடித்துக்கொள்ள, பல்லைக் கடித்தபடி மெல்ல நிமிர்ந்தது.

குழந்தை கண்கூடத் திறக்கவில்லை.

பள்ளத்துக்கு ஆத்திரம் பொங்கியது. "அடுத்த மழை வரட்டும்! இன்னும் ஆழமாகி உன்னை உடைக்கிறேனா இல்லையா பார்!"

"தாராளமா ஆகிக்கோ" என்றது ஸ்பிரிங். "எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு ரோடுதான். நாளைக்கும் வருவேன்."