இரண்டாவது தங்கப்பழம்

சன்னதியில் இப்போதெல்லாம் இயந்திரம்தான் அர்ச்சனை செய்கிறது. முகத்தைப் பார்த்ததுமே, வந்தவர்கள் பெயரையும் உயிரோடிருக்கும் அவர்கள் வாரிசுகள் எல்லோர் பெயரையும் நட்சத்திரத்தோடு சொல்லிவிடும். தங்கப்பழமும் அவர் மனைவி செண்பகக்கனியும் வந்து நின்றதும் தொடங்கியது.

"தங்கப்பழம், மக நட்சத்திரம். செண்பகக்கனி, சுவாதி. பொன்மலர், அஸ்தம்."

தங்கப்பழத்துக்குச் சுர்ரென்று ஏறியது. பொன்மலர், வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டதற்காக அவர் தலைமுழுகிய மகள்.

"அவ பேர யாரு சொல்லச் சொன்னா?" என்று கத்தினார்.

இயந்திரம் நிறுத்தவில்லை. "தங்கப்பழம், ரேவதி."

"பாத்தியா, என் பேரயே மறுபடி சொல்லுது. நட்சத்திரமும் தப்பு. ரிப்பேராயிட்டு போல," என்றார் மனைவியிடம்.

செண்பகக்கனி அவர் பக்கம் திரும்பினாள்.

"ரிப்பேரில்ல. அவ பிள்ளைக்கு உங்க பேர வச்சிருக்கா."

இயந்திரம் கற்பூரத் தட்டை நீட்டியது. ஒற்றிக்கொள்ள அவருக்குக் கை எழவில்லை.