மூன்று நிமிடம் மீதி

அந்த மாவட்டத்தில் ஆண்கள் கபடி இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதிய முதல் பெண் ஜெபமலர். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது உள்ளூர் அணித் தலைவன் இசக்கிராஜாவின் தலை ஒருவன் முழங்காலில் மோதியது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்தவன், எதிரணி வரிசையில் போய் நின்றான். அவள் ஆட்டத்தை நிறுத்தி அவனை வெளியே அனுப்பினாள். அவன் அவளை ஏசியது மைதானம் முழுக்கக் கேட்டது. இரண்டு புள்ளியில் அணி தோற்றதும் தண்ணீர்ப் பாக்கெட்டுகள் அவள் முதுகில் வந்து விழுந்தன. "பொம்பளைய விட்டா இப்படித்தான்" என்றார் கமிட்டிக்காரர்.

மூன்று வாரம் கழித்து, அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு இசக்கிராஜா வந்தான். மழித்த தலையில் நீளமாகத் தையல் தெரிந்தது.

"உள்ள ரத்தம் கட்டியிருந்துச்சாம் மேடம். இன்னொரு அடி பட்டிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு. உங்கள ஏசுனேன்னு பயலுவ சொல்லுதானுவ. சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. என்ன ஏசுனேன்னு சொல்லுங்க. அதுக்கு மன்னிப்பு கேக்கணும்."

ஜெபமலருக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது.

"எனக்கும் ஞாபகம் இல்லய்யா" என்றாள். "உக்காரு. சாப்பிட்டியா?"