இலுப்பைத் தோப்புக்குத் தடை

கோடை வந்தால் கரடிக்குக் கொண்டாட்டம். உதிர்ந்து புளித்த இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்றுவிட்டு மர நிழலில் பாட்டுப் பாடும். ஒருநாள் போதையில் தள்ளாடிக் காடையின் கூட்டை மிதித்துவிட்டது. தலைவர் யானைக்கு வந்ததே கோபம்! "இனி எவனும் தோப்புப் பக்கம் போகக் கூடாது!"

கரடியும் தலைகுனிந்து ஒத்துக்கொண்டது. ஆனால் நாலே நாளில் நாக்கு நமநமத்தது. அப்போதுதான் மரநாய் வந்தது.

"அண்ணே, பூ இருக்கு. ஒரு தேனடை கொடுத்தா ஒரு கை பூ."

கரடி கொடுத்தது. மற்ற மிருகங்களும் கையில் இருந்ததைக் கொடுத்தன. மரநாய் கொழுத்தது; தோப்பைச் சுற்றிக் கழுதைப்புலிகளைக் காவல் வைத்தது. தானே போய்ப் பூப் பொறுக்கிய மானின் காலை அவை கடித்துக் குதறின.

பயந்துபோன கரடி யானையிடம் ஓடியது. "தலைவரே, தடையை எடுத்துடுங்க. பூ சும்மா கிடந்தப்போ இந்த அடிதடி இல்லையே!"

யானை கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டது. முதலில் எழுந்தது மரநாய்தான்.

"ஐயோ தலைவரே! தடையை எடுத்தா நம்ம பிள்ளைங்க போதையில கெட்டுப்போகுமே!" என்று விம்மி அழுதது.

யானைக்கே கண் கலங்கிவிட்டது. "உன்னை மாதிரி ஒரு நல்லவன் போதும். இனி தோப்புக்கு நீதான் காவல்!"

கூட்டம் கைதட்டியது. கரடியும் தட்டியது. பக்கத்தில் கழுதைப்புலி உட்கார்ந்திருந்தது.